கரண்டு கேள்வி பதில்: மாமியாரோட காத்தாடிய மூணாம் நம்பர்லயே வைங்க

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்சப்பு எல்லாத்தையும் பிரிச்சு வச்சா பாதிக்கு மேல கரண்டு பத்திதான் கேட்டிருக்கீங்க. கேக்காம என்ன செய்வீங்க, நம்ம மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல மூணு வாரமா ஒரு சொட்டு மழை இல்ல, காலைல செம்பனைப் பழம் வெட்டப் போறவங்க பத்து மணிக்கெல்லாம் தாங்க முடியாம நிழலுக்கு வந்துர்றாங்க, ராத்திரியானா வீட்டுக்கு வீடு ஏர்கோன் ஓடுது, எட்டு ஒம்பது மணிக்கு லைட்டு மங்குது, சில தாமான்ல (வீடமைப்புப் பகுதில) பட்டுன்னு போயே போயிருது. நான் முப்பது வருசத்துக்கு மேல வயர்மேன் வேலை பாக்குறவன். லயத்து வீட்டு மெயின் சுவிட்சும் பாத்திருக்கேன், ரெண்டு மாடி வீட்டு டிபி பெட்டியும் (வீட்டு லைனுக்கெல்லாம் சுவிட்ச் இருக்குற பெட்டி) பாத்திருக்கேன். கரண்ட மிச்சம் பண்றோம்னு வீட்டுக்குள்ள யாரோட காத்த புடுங்குறாங்கன்னு பாத்தா முக்காவாசி நேரம் வயசானவங்களோடதும் சின்னப் பிள்ளைங்களோடதும்தான், அதனால மொத கடுதாசிக்கு கொஞ்சம் நீளமாவே பதில் எழுதுறேன், பொறுத்துக்குங்க.

கேள்வி: அண்ணே, வீட்ல நாங்க அஞ்சு பேரு. போன மாசம் 590 யூனிட்டு ஓடி பில்லு 210 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல வந்திருச்சு. நான் ஆள் இல்லாத ரூம்ல லைட்டு எரிய விடுறதே இல்ல, ராத்திரி ஹால்ல ஒரே ஒரு லைட்டுதான், மாமியார் ரூம்ல காத்தாடிய ஒன்னாம் நம்பர்ல வச்சிருக்கோம், அவங்க வேர்க்குதுன்னு சொல்றாங்க, ஆனா பில்லு வந்தா யார் கட்டுறது. இதுக்கு மேல எத நிறுத்துறதுன்னு தெரியல. வீட்ல ஒரு பழைய ஏர்கோன், ஐஸ் பெட்டி, குளிக்கிற எடத்துல ஹீட்டர், வாசிங் மெசின், டிவி எல்லாம் இருக்கு. (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: தங்கச்சி, மொதல்ல இன்னிக்கே மாமியாரோட காத்தாடிய மூணாம் நம்பருக்கு ஏத்துங்க. கூரையில தொங்குற சாதாரண காத்தாடி முழு வேகத்துல ஓடினாக்கூட 70 வாட்டுக்கிட்டதான் இழுக்கும், பத்து மணி நேரம் ஓடினா முக்கா யூனிட்டுகூட ஆகாது. ஒன்னாம் நம்பருக்கு எறக்கி நீங்க மிச்சம் பிடிச்சது மாசத்துக்கு ரெண்டு மூணு வெள்ளி இருக்கும், அவ்ளோதான். இந்த வெயில்ல வயசான ஒடம்புக்கு காத்து இல்லாம போனா அந்தக் காச விட பல மடங்கு ஆஸ்பத்திரில போகும், ஒடம்பு சூடு தாங்காம மயங்கி விழுந்த பெரியவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். வானிலை இலாகா தொடர்ந்து மூணு நாள் 35 டிகிரிலேந்து 37 டிகிரி வரைக்கும் அடிச்சாலே மொத நிலை எச்சரிக்கை குடுக்குது, அந்த மாதிரி நாள்ல காத்தாடிய மிச்சம் பிடிக்கவே கூடாது.

இப்ப யூனிட்டு எங்க போகுதுன்னு பாப்போம். கரண்டுல ஓடுற சாமான ரெண்டு கூட்டமா பிரிச்சுக்குங்க, சூடாக்குறது குளிராக்குறது எல்லாம் ஒரு பக்கம், சுத்துறது எரியுறது பேசுறது எல்லாம் இன்னொரு பக்கம். காத்தாடி, லைட்டு, டிவி, போன் சார்ஜர் எல்லாம் ரெண்டாவது கூட்டம், அதுங்க மொத்தமா சேந்தாலும் பெருசா தின்னாது. ஹீட்டர், ஏர்கோன், ஐஸ் பெட்டி, அயன் பாக்ஸ், ரைஸ் குக்கர், கெத்தல் இதெல்லாம் மொத கூட்டம், ஒங்க 590 யூனிட்டுல பெரிய பங்கு இங்கதான் போயிருக்கு.

ஹீட்டர மொதல்ல எடுத்துக்குவோம், ஏன்னா அத யாருமே கணக்குல சேக்குறதில்ல. குளிக்கிற எடத்துல சுவத்துல மாட்டியிருக்குற அந்த சின்னப் பெட்டி 3,600 வாட்டு, அதாவது ஐம்பது காத்தாடி ஒன்னா ஓடுற மாதிரி. ஒரு ஆளு பத்து நிமிசம் குளிச்சா 0.6 யூனிட்டு. அஞ்சு பேரு காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவன்னு குளிச்சா ஒரு நாளைக்கு 6 யூனிட்டு, மாசத்துக்கு 180. இந்த வெயில்ல டேங்குல நிக்கிற தண்ணியே வெதுவெதுன்னுதான் வருது, வேலைக்குப் போயிட்டு வர்ற ஒங்களுக்கும் ஒங்க வீட்டுக்காரருக்கும் பிள்ளைங்களுக்கும் சுடுதண்ணி எதுக்கு? மாமியாருக்கு மட்டும் ராத்திரி பத்து நிமிசம் போட்டுக் குடுங்க, அது மாசத்துக்கு 18 யூனிட்டுதான். இந்த ஒரே வேலைல 160 யூனிட்டு நின்னுபோச்சு பாருங்க.

அடுத்து ஏர்கோன். ஒரு குதிரைசக்தி பழைய ஏர்கோன் 800 வாட்டுக்கிட்ட இழுக்கும், கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடினாலும் ராத்திரி ஒம்பதுலேந்து காலைல ஆறு வரைக்கும் அஞ்சு யூனிட்டு சாதாரணமா போகும், மாசத்துக்கு 150. அத நிறுத்தச் சொல்ல மாட்டேன், சிமெண்டு வீட்டுக்குள்ள பிள்ளைங்க தூங்கணும்ல. 18ல வைக்காம 25, 26ல வச்சு கூடவே காத்தாடியும் ஓட விடுங்க, தோலுக்குத் தெரியுற குளிரு கிட்டத்தட்ட அதேதான் இருக்கும். ஒவ்வொரு டிகிரி ஏத்துறதுக்கும் சுமாரா 6 சதவீதம் கொறையும்னு இந்தியாவுல மின்சார சிக்கனத்துக்குன்னே இருக்குற அரசாங்க அமைப்பு சொல்லுது, இங்கயும் 24க்கு கீழ வைக்காதீங்கன்னுதான் அரசாங்கம் சொல்லிட்டு இருக்கு. விடியக்காலைல நாலு மணிக்கு தானா நிக்கிற மாதிரி டைமர் வச்சிருங்க, அந்த நேரத்துல வெளிக்காத்தே குளிந்துரும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ முன்னாடி மூடியத் தொறந்து அந்த வலையக் கழுவுங்க, நான் தொறந்து பாக்குற ஏர்கோன்ல பாதி ஏர்கோன் தூசி அடச்சு மூச்சு விட முடியாமத்தான் ஓடிட்டு இருக்கு.

ரைஸ் குக்கர்ல காலைல ஆக்கின சோத்த ராத்திரி வரைக்கும் சூட்டுலயே வைக்கிற பழக்கம் எல்லா வீட்லயும் இருக்கு, அது 40 வாட்டுக்கிட்டதான், ஆனா தெனமும் பத்து மணி நேரம் ஓடினா மாசத்துக்கு 12 யூனிட்டு. வெந்ததும் பிளாக்க புடுங்கிருங்க.

இதெல்லாம் செஞ்சா 590, ஒரு 370கிட்ட எறங்கும். இப்ப இருக்குற கட்டண முறைல (2025 ஜூலை 1லேந்து வந்துச்சே அது) எறங்குறதுக்கு தனி லாபம் இருக்கு, அத யாரும் எடுத்துச் சொல்றதில்ல. சாதாரண வீட்டுக்கு மின்சாரம், கொள்ளளவு (மின்நிலையத்த தயாரா வச்சிருக்குற செலவு), கம்பி வழி (கரண்ட வீட்டுக்குக் கொண்டு வர்ற செலவு) மூணு கட்டணத்தையும் சேத்து யூனிட்டுக்கு 44.43 காசு. அதுலேந்து சிக்கன ஊக்கத்தொகைன்னு ஒன்னு கழிக்கிறாங்க, 200 யூனிட்டுக்குள்ள ஓட்டினா யூனிட்டுக்கு 25 காசு கழியும், ஒங்க மொத்த யூனிட்டு ஏற ஏற அந்தக் கழிவு கொறஞ்சுகிட்டே வரும், 1,000 தாண்டினா ஒன்னுமே இல்ல. அதனாலதான் 300 யூனிட்டுக்கு சுமார் 66 வெள்ளி வர்ற பில்லு 600 யூனிட்டுக்கு 132 வராம 210 தாண்டுது. ஒங்களுக்கு 370க்கு எறங்கினா நூறு வெள்ளிக்கிட்ட வந்து நிக்கும், பாதிக்குப் பாதி. 600 தாண்டாம பாத்துக்குங்க, தாண்டினா மாசம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம், சேவை வரி, எரிபொருள் விலை ஏத்த எறக்கம் எல்லாம் வந்து ஒட்டிக்கும். 300க்கு மேல போனாலே 1.6 சதவீதம் புதுப்பிக்கும் எரிசக்தி நிதிக்குப் போகும்.

இன்னொன்னு, இந்தப் பதில மாமியாருக்கும் படிச்சுக் காட்டுங்க தங்கச்சி. தன்னாலதான் பில்லு ஏறுதுன்னு அவங்க மனசுக்குள்ள நெனச்சுகிட்டு இருக்கலாம்.

கேள்வி: போன் சார்ஜர பிளாக்குலயே விட்டா கரண்டு தின்னுமா? பையன்கூட தெனமும் சண்டை. (ஒரு அம்மா, கோலகங்சார்)

பதில்: போன் இல்லாம தொங்குற சார்ஜர் தின்றது இத்துனூண்டு, சண்டை வேணாம். 24 மணி நேரமும் விழிச்சிருக்கிற டிவி டிகோடர் பெட்டியும் வைஃபை பெட்டியும் சேந்து மாசத்துக்கு 15, 20 யூனிட்டு வரைக்கும் போகலாம், படுக்கப் போறப்ப அந்த ரெண்டையும் அணைக்கிற வேலைய பையன்கிட்டயே குடுத்துருங்க.

கேள்வி: வணக்கம் ஐயா, நான் பேராக்லேந்து வேலை மாத்திப் போய் சபாவுல டீச்சரா இருக்கேன். இங்க வந்த புதுசுல முறை வச்சு கரண்ட நிறுத்துவாங்க, இப்பவும் அப்பப்ப போகுது. நம்ம ஊர்ல இப்படிப் பாத்ததே இல்ல. ஏன் எல்லாருக்கும் ஒன்னா போகாம ஒவ்வொரு ஏரியாவா போகுது? நாங்க வீட்ல கொஞ்சம் கொறச்சா அதுல ஏதாவது ஆகுமா, இல்ல சும்மா சொல்றாங்களா? (ஒரு ஆசிரியை, சபா)

பதில்: ஆகும் டீச்சர், நெசமாவே ஆகும். தண்ணிய டேங்குல புடிச்சு வைக்கிற மாதிரி இந்தக் கரண்ட பெரிய அளவுல சுலபமா புடிச்சு வைக்க முடியாது, எந்த நொடில எவ்வளவு செலவாகுதோ அந்த நொடில அவ்வளவு உற்பத்தி ஆகியே ஆகணும். ரெண்டும் சமமா இருந்தா கரண்டோட துடிப்பு செகண்டுக்கு 50ல நிக்கும். செலவு ஏறி உற்பத்தி பத்தலன்னா அந்தத் துடிப்பு எறங்க ஆரம்பிக்கும், ரொம்ப எறங்கினா மிசின் எல்லாம் தன்னக் காப்பாத்திக்க ஒன்னு பின்னால ஒன்னா கழண்டுக்கும், அப்புறம் ஊரே இருட்டுதான். அந்த நெலம வரக்கூடாதுன்னுதான் முன்னாலயே ஒரு ஏரியாவ ரெண்டு மூணு மணி நேரம் நிறுத்தி மத்த ஏரியாவ காப்பாத்துறாங்க. சபாவுல 2023, 2024ல கையிருப்பு ரொம்ப கொறஞ்சு போனதால ஒரு மின்நிலையத்துல ஒரு மிசின் படுத்தாலே முறை வைக்க வேண்டி வந்துச்சு.

நம்ம ஊர்ல பாத்ததே இல்லன்னு சொன்னீங்க, நீங்க அப்ப சின்னப் பிள்ளையா இருந்திருப்பீங்க. 1992 செப்டம்பர் 29ம் தேதியும் 1996 ஆகஸ்ட் 3ம் தேதியும் தீபகற்பம் மொத்தமும் இருட்டாச்சு. 96ல நடந்தது நல்லா ஞாபகம் இருக்கு, சனிக்கிழமை சாயங்காலம், நான் ஒரு கடைல ஏணி மேல நின்னு வயர் இழுத்துட்டு இருந்தேன், திரெங்கானு மாநிலத்து பாக்காவுல ஆரம்பிச்ச கோளாறு, சுங்கை சிப்புட்ல என் தலைக்கு மேல இருந்த லைட்டு போச்சு. எங்கயோ ஒரு எடத்துல ஆரம்பிக்கிறது எல்லாரையும் இழுத்துட்டுப் போயிரும்னு அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுது.

நீங்க செய்யக்கூடியது, முறை வைக்கிற நேரத்துல சூடாக்குற சாமான எதையும் போடாதீங்க, அயன் பண்றது, துணி தொவைக்கிறது எல்லாத்தையும் விடிகாலைக்கோ ராத்திரி பத்து மணிக்கு மேலயோ தள்ளிருங்க. கரண்டு போனதும் ஏர்கோன், ஹீட்டர், ஐஸ் பெட்டி சுவிட்ச எல்லாம் அணைச்சிட்டு ஒரே ஒரு லைட்ட மட்டும் போட்டு வைங்க, கரண்டு வந்தா அது எரியும். வந்த ஒடனே எல்லாத்தையும் தட்டாதீங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு ஐஸ் பெட்டி, இன்னொரு பத்து நிமிசம் கழிச்சு ஏர்கோன். ரெண்டு மணி நேரம் கரண்டு இல்லாம இருந்தா அந்த ஏரியாவுல இருக்குற எல்லா ஐஸ் பெட்டியும் ஏர்கோனும் சூடாகி ஒரே நேரத்துல முழு மூச்சா இழுக்கும், அந்த இழுப்புலயே லைன் மறுபடி டிரிப் ஆகுற நாளெல்லாம் உண்டு. ஒங்க ஐஸ் பெட்டிக்கும் அதான் நல்லது, நின்ன கம்ப்ரசர ஒடனே கிளப்பினா திணறி கருகிப் போகும்.

கேள்வி: தம்பி, எனக்கு 74 வயசு. தோட்டத்துல எஞ்சின் கரண்டுலதான் ஆறு பிள்ளைங்கள வளத்தேன், சாயங்காலம் ஆறு மணிக்கு வரும், ராத்திரி பத்து மணிக்கு நிப்பாட்டிருவாங்க. நாலு மணி நேரக் கரண்டுல அவ்வளவு நல்லா இருந்தோமே, இப்ப என் பேரப்பிள்ளைங்களுக்கு பத்து நிமிசம் போனாலே தாங்கல. பழக்கம் கெட்டுப் போச்சா? (ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, ஒங்க கடுதாசியப் படிச்சதும் எனக்கு எங்க தோட்டத்து எஞ்சின் கொட்டகை சத்தம் காதுல கேட்டுருச்சு. பத்து மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்குறப்ப லைட்டு ஒரு தடவ மங்கி வரும், அதான் சிக்னல், எங்கம்மா அதுக்குள்ள மண்ணெண்ண வெளக்க ஏத்தி வச்சிருவாங்க, நாங்க பாடத்த மூடி வச்சிட்டு பாய விரிப்போம்.

பேரப்பிள்ளைங்களக் கொற சொல்லாதீங்கம்மா, வீடு மாறிப்போச்சு. நீங்க இருந்த வீடு பலகை வீடு, தரைலேந்து தூக்கிக் கட்டினது, அடிலயும் காத்து போகும், பலகைச் சந்துலயும் வரும், சுத்தி மாமரமும் முருங்கையும் நிக்கும், கொஞ்சம் தள்ளிப் போனா பால் மரத்துக் காடு. இப்ப தாமான்ல இருக்குறது சிமெண்டு வீடு, ரெண்டு பக்கமும் அடுத்த வீடு ஒட்டி நிக்குது, காத்து வர்றதுக்கு முன்னாலயும் பின்னாலயும் மட்டுந்தான் வழி. பகல்ல குடிச்ச வெயில அந்தச் சுவரு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உள்ள கக்கும். ஒங்க காலத்து யோசனைதான் இதுக்கும் மருந்து. மேக்கால வெயில் படுற ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்க விடுங்க (உள்ள திரை போட்டா சூடு ஏற்கனவே கண்ணாடி தாண்டி வந்துருது), சாயங்காலம் ஆறரைக்கு மேல முன் ஜன்னல் பின் ஜன்னல் ரெண்டையும் தொறந்து ஒரு மேசக் காத்தாடிய பின் ஜன்னல்ல வெளிய பாத்து வைங்க, உள்ள இருக்குற சூட்ட அது தள்ளிவிடும், முன்னாடி வழியா குளிந்த காத்து வரும். வாசல்ல எடம் இருந்தா தொட்டிலயாவது ஒரு முருங்கை வைங்கம்மா.

இன்னொன்னும் சொல்லணும். அந்த நாலு மணி நேரக் கரண்டு யாரும் ஆசைப்பட்டு வாழ்ந்த வாழ்க்க இல்ல, தோட்டத்து ஆளுங்களுக்கு அவ்ளோ போதும்னு யாரோ முடிவு பண்ணி வச்சது. தொழிலாளர் வீட்டுக்கு தண்ணியும் கரண்டும் ஒழுங்கா குடுத்தாகணும்னு சட்டம் வந்தது 1990ல, 446வது சட்டம்னு சொல்வாங்க. இன்னமும் லயத்துல இருக்குறவங்க இந்த நம்பர ஞாபகம் வச்சிருக்கணும். சிக்கனம்னா நம்ம வீட்டு சுவிட்ச நாமளே அணைக்கிறது, அடுத்தவன் நமக்கு அணைச்சு வைக்கிறதுக்கு அந்தப் பேரு கெடையாது.

கேள்வி: கரண்டு போனா ஐஸ் பெட்டில இருக்குற மீனு கோழியெல்லாம் எவ்வளவு நேரம் தாங்கும்? அப்பாவோட இன்சுலினும் அதுலதான் இருக்கு. (ஒரு வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்)

பதில்: கதவத் தொறக்காம இருந்தா கீழ்த்தட்டு நாலு மணி நேரம் தாங்கும். மேல ஃப்ரீசர் நெறைய சாமான் இருந்தா ரெண்டு நாளு, பாதி இருந்தா ஒரு நாளு. அதனால காலியா கெடக்குற எடத்துல தண்ணி போத்தல ரொப்பி இப்பவே ஒறைய வைங்க, கரண்டு இருக்குறப்பவும் அது ஐஸ் பெட்டி அடிக்கடி ஓடுறதக் கொறைக்கும். நாலு மணி நேரத்துக்கு மேல போயிருந்தா கீழ்த்தட்டுல இருக்குற மீனு, கோழி, பால், தேங்காப்பால் கொழம்பு எல்லாத்தையும் தூக்கிப் போட்ருங்க, கெட்ட வாசன வரலையேன்னு வச்சுக்காதீங்க.

இன்சுலின் வேற விசயம். திறக்காதத 2லேந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், ஒறையவே விடக்கூடாது, அதனால பதட்டத்துல அத ஃப்ரீசர்ல தள்ளிராதீங்க, ஐஸ்மேல நேரடியாவும் வைக்காதீங்க. பாவனைல இருக்குற பேனா பொதுவா 30 டிகிரிக்குள்ள நாலு வாரத்துக்கிட்ட தாங்கும், ஆனா ஒவ்வொரு மருந்துக்கும் கொஞ்சம் மாறும், கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) மருந்து குடுக்குறவங்ககிட்ட அப்பாவோட மருந்து பேரச் சொல்லிக் கேட்டு ஒரு தாள்ல எழுதி ஐஸ் பெட்டி கதவுலயே ஒட்டி வைங்க. வீட்ல மண்பானை இருந்தா நிழல்ல ஈர மணல் மேல வச்சு, பானைக்குள்ள ஒரு சின்ன பானை, நடுவுல ஈர மணல், மருந்த பிளாஸ்டிக் பையில நல்லா கட்டி உள்ள வைக்கலாம், வெளிச்சூட்ட விட நாலஞ்சு டிகிரி கொறஞ்சு நிக்கும்.

கேள்வி: அண்ணே, சின்ன ஜெனரேட்டர் ஒன்னு பாசார்ல வாங்கிட்டேன். ரெண்டு பக்கமும் பிளாக்கு வச்ச வயர் ஒன்னு செஞ்சு வீட்டு சாக்கெட்ல குத்திட்டா வீடு முழுக்க வரும்னு கூட்டாளி சொல்றான். சரியா வருமா? (ஒரு இளைஞர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, செய்யாத. இத நான் கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

அந்த வயர்ல ஒரு முனைய சாக்கெட்ல குத்தினதும் இன்னொரு முனைல வெளிய நீட்டிட்டு இருக்குற பித்தளைக் கம்பில கரண்டு உயிரோட இருக்கும், ஒன் தம்பி தங்கச்சி யாராவது கால் வச்சா முடிஞ்சுச்சு. அதுக்கும் மேல, மெயின் சுவிட்ச எறக்க மறந்தேன்னா ஒன் ஜெனரேட்டர் கரண்டு மீட்டர் தாண்டி வெளிய போகும், ரோட்டுல இருக்குற டிரான்ஸ்ஃபார்மர்ல திரும்பி ஏறுறப்ப அது ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறிரும். கரண்டு இல்லன்னு நம்பி கம்பத்துல ஏறி நம்மளுக்காக ரிப்பேர் பாக்குற ஆளு செத்துப்போவாரு. ஜெனரேட்டர் வாங்கினது தப்பில்ல, அத வீட்டுக்கு வெளிய, ஜன்னலுக்கு தூரமா வை, அடுப்படிலயோ கார் நிறுத்துற எடத்துலயோ வைக்கக்கூடாது, அதோட பொகைல இருக்குற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது நெறமும் கெடையாது, தூங்குறவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. நல்ல எக்ஸ்டென்சன் வயர்ல ஐஸ் பெட்டி, ஒரு காத்தாடி, ரெண்டு லைட்டு நேரடியா குத்திக்க. வீடு முழுக்க வேணும்னா லைசென்ஸ் உள்ள ஆள வச்சு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடு, அது ரெண்டு கரண்டும் ஒரே நேரத்துல சேரவே விடாது. அந்தக் கூட்டாளிகிட்டயும் இதக் காட்டு.

கேள்வி: சாமி மேடைல சீரியல் லைட்டு 24 மணி நேரமும் எரியுது. அணைக்க மனசு வரல. (ஒரு வாசகி, சிம்மோர்)

பதில்: எல்இடியா இருந்தா அஞ்சு வாட்டுக்கிட்டதான், மாசத்துக்கு நாலு யூனிட்டு. எரியட்டும். பழைய குண்டு பல்பு சீரியலா இருந்தா மட்டும் மாத்திருங்க, அது சூடாகி திரைல பிடிச்ச வீடும் பாத்திருக்கேன்.

கேள்வி: ராத்திரி எட்டு மணிக்கு லைட்டு மங்குது, ஐஸ் பெட்டி உறுமுது, காத்தாடி மெதுவா சுத்துது. இது எங்க வீட்டு வயர் கோளாறா வெளிக் கோளாறா? (ஒரு வாசகர், தோட்டத்து வீடு)

பதில்: பக்கத்து வீட்லயும் மங்குதான்னு மொதல்ல கேளுங்க. ஒங்க வீட்ல மட்டும்னா எங்கயோ ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு, அது சூடாகித் தீப்பிடிக்கிற சங்கதி, ஒடனே வயர்மேன கூப்பிடுங்க. எல்லார் வீட்லயும்னா லைன் பாரம் தாங்கல. நம்ம நாட்டுல 230 வோல்ட்டுன்னு வச்சு, கீழ 216, மேல 253 வரைக்கும் ஏறி எறங்கலாம், அதுக்குக் கீழ போனா புகார் பண்ண ஒங்களுக்கு உரிமை இருக்கு. நேரா டிஎன்பி (கரண்டு கம்பெனி) மீட்டர்னா 15454க்கு அடிச்சு தேதி, நேரம், எத்தன வீடு எல்லாம் சொல்லி புகார் நம்பர எழுதி வாங்கிக்குங்க, தோட்டம் தன்னோட சொந்த லைன்ல குடுக்குற கரண்டுன்னா கிராணிகிட்ட (தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா) வாயால சொன்னா பத்தாது, பத்து வீடு சேந்து கையெழுத்துப் போட்டு மேனேஜர்கிட்ட எழுத்துல குடுங்க.

அது சரியாகுற வரைக்கும் மங்குற நேரத்துல ஏர்கோனும் ஐஸ் பெட்டியும் ஒன்னா ஓட வேணாம். வோல்ட்டு கொறஞ்சா மோட்டாரு அதே வேலையச் செய்ய அதிகமா இழுத்து சூடாகும், கம்ப்ரசர் கருகுறது இப்படித்தான். ஒரு யோசனை, ஒரே வரிசைல இருக்குற வீட்டுக்காரங்க பேசி வச்சுக்குங்க, ஏழுலேந்து ஒம்பது வரைக்கும் யாரும் ஹீட்டரும் அயனும் போடுறதில்லன்னு. பத்து வீட்டு ஹீட்டர் ஒன்னா ஓடினா 36,000 வாட்டு, சின்ன லைனுக்கு அது பெரிய பாரம். எனக்குத் தெரிஞ்ச ஒரு லயத்துல பொம்பளைங்களே கூடிப் பேசி இத செஞ்சாங்க, மாரியம்மன் கோயில் வாசல்ல உக்காந்து பேசினதுதான், அடுத்த வாரத்துலேந்து மங்குறது நல்லாவே கொறஞ்சுச்சு.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஐஸ் பெட்டி 200 வெள்ளிக்கு வருது. வாங்கலாமா? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: பதினஞ்சு வருசப் பெட்டின்னா மாசம் 60 யூனிட்டு தின்னும், புது அஞ்சு நட்சத்திரப் பெட்டி அதே அளவுல 25, 30தான். ரெண்டு மூணு வருசத்துல இன்னொரு 200 வெள்ளி பில்லுல கூடுதலா போயிரும். புதுசு வாங்குறப்ப சுருஹான்ஜாயா தெனாகாவோட (எரிசக்தி ஆணையம்) லேபிள்ல நட்சத்திரத்த மட்டும் எண்ணாதீங்க, வருசத்துக்கு எத்தன யூனிட்டுன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், கடைல ரெண்டு பெட்டிக்கு நடுவுல நின்னு அந்த நம்பர ஒப்பிட்டுப் பாருங்க. கையில காசு இல்ல, பழசுதான் முடியும்னா அதயும் நான் தப்பு சொல்ல மாட்டேன், ரப்பர மட்டும் பாத்து வாங்குங்க, ஒரு தாள கதவுல வச்சு மூடி இழுத்தா லேசா வரக்கூடாது. e-காசே பதிவுல (அரசாங்கத்தோட ஏழைக் குடும்பப் பட்டியல்) ரொம்ப ஏழைன்னு இருக்குற குடும்பமா இருந்தா மாசம் 40 வெள்ளி வரைக்கும் கரண்டு பில்லுல கழிவு இருக்கு, பதிவு ஆகாதவங்க மாவட்ட ஆபீஸ்ல போய்க் கேளுங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல.

கேள்வி: அண்ணே, போன மாசம் நீங்க சொன்ன மாதிரி ராத்திரி படுக்குறப்ப மீட்டர் நம்பர எழுதினேன், காலைல எந்திரிச்சதும் எழுதினேன். ஏர்கோன் இல்ல, மூணு காத்தாடி, ஐஸ் பெட்டி மட்டும்தான். எட்டு மணி நேரத்துல 4 யூனிட்டு ஓடியிருக்கு. இது சரியா? (ஒரு வாசகி, பாடாங் ரெங்காஸ்)

பதில்: சரியில்லம்மா, நல்ல வேளை எழுதி வச்சீங்க. மூணு காத்தாடி எட்டு மணி நேரத்துக்கு 1.7 யூனிட்டு, ஐஸ் பெட்டி நல்லா இருந்தா அரை யூனிட்டு, மொத்தம் 2.2க்கு மேல போகக்கூடாது. மிச்சம் 1.8 எங்க போகுதுன்னு பாக்கணும். இன்னிக்கு ராத்திரி ஐஸ் பெட்டி பிளாக்க ஒரு மணி நேரம் மட்டும் புடுங்கி வச்சு, மீட்டர்ல மின்னுற சின்ன செவப்பு லைட்ட ஒரு நிமிசத்துக்கு எத்தன தடவ மின்னுதுன்னு எண்ணுங்க, அப்புறம் குத்திட்டு மறுபடி எண்ணுங்க. எத்தன தடவ மின்னினா ஒரு யூனிட்டுன்னு மீட்டர் மேலயே எழுதியிருக்கும். குத்தினப்ப வேகமா ஏறுச்சுன்னா ஐஸ் பெட்டி கதவு ரப்பரும் பின்னாடி தூசியும்தான், சுவத்துலேந்து நாலு விரக்கடை தள்ளி வைங்க. ஏறலன்னா வீட்ல ஓடுற எல்லாத்தையும் அணைச்சிட்டு டிபி பெட்டில ஒவ்வொரு சுவிட்சா எறக்கிப் பாருங்க, எத எறக்கினப்ப மின்னுறது நிக்குதோ அந்த லைன்லதான் இருக்கு. சுவத்துக்குள்ள வயர் கசிஞ்சிருந்தாலும் இப்படித்தான் ஓடும், அது ஒங்க பில்ல விட பெரிய ஆபத்து. அந்த சுவிட்ச எறக்கியே வச்சிட்டு எனக்கு எழுதுங்க.